அறுபது நொடிப் பாடத்தை யார் திருத்துவது?

ஆடு வாங்கக் கடன் கேட்ட பெண்கள், அதே கடனில் ஒரு கைப்பேசியும் வேண்டும் என்றார்கள். போடிநாயக்கனூரை மையமாகக் கொண்ட 'விடியல்' அமைப்பைச் சேர்ந்தவர்கள், ஏறத்தாழ 300 பேர். 2000களின் பிற்பகுதியில் நடந்தது இது. வாங்கிய கைப்பேசிக்குச் சொந்தபந்தங்களின் குரலோடு பாடமும் வந்தது. ஒவ்வொரு பாடமும் அறுபது நொடி. கொட்டகையை எப்படிப் போடுவது, சினை ஆட்டுக்கு என்ன தீவனம் வைப்பது, துள்ளுமாரிக்கு எப்போது தடுப்பூசி போடுவது என்று அன்றாடம் சில செய்திகள்.

கனடாவிலிருந்து இயங்கும் 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' நிறுவனத்தின் விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தில் அடங்கிய முயற்சி அது. குரல்செய்திகளை அனுப்பியது இஃப்கோ கிசான் சஞ்சார். பாட விஷயத்துக்குத் துணை நின்றது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 2010இல் 'டிஸ்டன்ஸ் எஜுகேஷன்' ஆய்விதழ் இதைப் பற்றிக் கட்டுரையே வெளியிட்டது. தொழில்நுட்பத்தை மெச்சியவர்கள் பலர். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: பாடத்தின் வாசகத்தை உருவாக்கும் வேலைக்கு அந்தப் பெண்களில் சிலரும் பயிற்சி பெற்று வந்து உட்கார்ந்தார்கள்.

இன்றைக்கு எதற்கும் ஆன்லைன் பயிற்சி உண்டு. வங்கி ஊழியருக்கு, அங்கன்வாடிப் பணியாளருக்கு, தோட்டக்காரருக்கு. அதன் பின்னணிக் குரலுக்கு எழுதப்படும் வரைவு எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று பாருங்கள். ஒருவர் எழுதி நாலு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். ஒருவர் சந்திப்பிழை திருத்துவார், ஒருவர் துறைத்தலைவரின் பெயருக்கு முன்னால் 'மாண்பமை' சேர்ப்பார், மற்ற இருவர் 'ஓகே' என்று பதில் போடுவார்கள். கூட்டாகப் பார்த்தாயிற்று என்று கணக்கு முடியும். நாலு பேரும் கண்ணால் படித்தார்கள். காதால் கேட்டவர் ஒருவருமில்லை.

இதனால் என்ன கெட்டுவிடும் என்பதற்கு, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பயிற்சிப் பாடத்துக்கு இப்படி ஒரு வரி எழுதப்படுகிறது என்று வையுங்கள்: "அழுகல் நோயைக் கட்டுப்படுத்தப் பருவமழைக்கு முன்பாக 1 சதவீத போர்டோ கலவையைத் தெளிக்கவும்." விஞ்ஞானி படித்தால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார். அத்தனையும் சரி. அதையே வாய்விட்டு வாசித்து, மருந்தடிக்கிற ஒருவரைக் கேட்கச் சொன்னால் அடுத்த நொடியே கேள்வி வரும். "ஒரு சதவீதம்னா எம்புட்டு சார்?"

நூறு லிட்டர் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே ஐம்பது ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். எதை எதில் ஊற்றுவது? துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். என்ன பாத்திரம்? பிளாஸ்டிக்கோ மண்ணோ மரமோ இருக்கலாம்; இரும்பு ஆகாது, துத்தம் அரித்துவிடும். கலவை பதமா என்று எப்படித் தெரியும்? தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால், செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலக்கியதை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். அதற்கும் முன்னால், அழுகிய காயையும் சரத்தையும் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும்.

ஒரு வரியாக இருந்தது இரண்டு நிமிடப் பாடமாக வளர்ந்துவிட்டது. வரிசையும் இப்போதுதான் முக்கியமாகிறது. இரும்பு வாளி ஆகாது என்பதைக் கடைசியில் 'குறிப்பு' என்று வைப்பது அச்சுப் புத்தகத்தின் பழக்கம். படிப்பவர் பக்கம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்குவார். கேட்பவரோ அந்த வாக்கியம் வருவதற்குள் துத்தத்தை வாளியில் கொட்டியிருப்பார். கேட்கிற பாடத்தில் எச்சரிக்கை, செயலுக்கு முன்னால் வந்தாக வேண்டும். 'மேற்கண்டவாறு', 'பின்வரும் அட்டவணை', அடைப்புக்குறிக்குள் ஒரு அளவு, இவையெல்லாம் காதுக்கு எட்டாத சங்கதிகள். ஒரே வாக்கியத்தில் மூன்று எண் வந்தால் இரண்டு நிற்காது. வாய்விட்டு வாசித்தால் இத்தனையும் தானே இடறும்.

வாசிப்பவர், எழுதியவராக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. எழுதியவர் எங்கே நிறுத்தினால் பொருள் வரும் என்று தெரிந்து வாசித்துவிடுவார்; குறை மறைந்துபோகும்.

மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், எழுதாத ஒருவரை வைத்து வரைவைச் சோதிப்பதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் தொடங்கி, மென்பொருள் பயிற்சிகளைப் பத்து நிமிட அளவுள்ள ஒலி-ஒளிப் பாடங்களாக்கித் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்தார்கள். அங்கே வரைவுக்கு இரண்டு நெடுவரிசை: ஒன்றில் திரையில் நடப்பது, மற்றதில் குரல் சொல்வது. துறை தெரிந்தவர் பார்ப்பது இருக்கட்டும். அந்த மென்பொருளை அறியாத புதியவர் ஒருவர் வரைவை வைத்துச் செய்து பார்க்கும் கட்டமும் உண்டு. அவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே திருத்தம். புதியவர் திணறினால் அது அவர் குறையல்ல, வரைவின் குறை என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது. நம் அலுவலகங்களில் இதற்குக் கொஞ்சம் மனசு வேண்டும்.

தமிழில் குரல் கொடுப்பவர்களுக்கு இன்னொரு பாடும் உண்டு. நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் தாண்டுவது சிரமம். ஆங்கிலக் காட்சியின் நீளத்துக்குள் தமிழை அடைக்கப் பார்த்தால் செய்தி வாசிப்பு வேகத்தில் ஓடும். வாசகத்தைச் சுருக்குவதா, காட்சியை நீட்டுவதா என்பதை வாசித்துப் பார்க்கும் அமர்விலேயே முடிவு செய்துவிட்டால் ஒலிப்பதிவுக் கூடத்தில் சண்டை மிச்சம்.

அமர்வில் யார் முதலில் பேசுவது என்பதும் சின்ன விஷயமல்ல. நிபுணர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே கேட்டவர் முதலில், கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். குடற்புழு மருந்தை "உடல் எடைக்கேற்ப" கொடுக்கச் சொன்னால், ஆட்டை எதில் நிறுத்துவது என்று ஆடு வளர்ப்பவர்தான் கேட்பார். நிபுணரின் முறை அதன் பிறகு. அளவிலும் பாதுகாப்பிலும் அவர் சொல்வதே முடிவு. மருந்து விஷயத்தில் பெரும்பான்மை வாக்கு உதவாது. சொல்லும் வரிசையிலும் வேகத்திலும் கேட்டவர் சொல்வதே முடிவு. இந்தப் பாகப்பிரிவினையை முதலிலேயே பேசிக்கொள்ளாத குழுக்கள் ஒரு பத்திக்கு அரை நாள் வாதாடுவதைப் பார்க்கலாம்.

அந்தக் கேட்பவரை எங்கிருந்து கொண்டுவருவது? போடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் விடியுமுன்னே ஜீப் ஏறி, கேரள எல்லை தாண்டிக் காய் எடுக்கப் போகிறவர்கள்தான் ஏலப் பாடத்துக்கு ஏற்ற காதுகள். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்து, தேநீரும் பிஸ்கட்டும் தருவோம் என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? வருகிறவர் வேலைக்குப் போகத் தேவையில்லாதவராக இருப்பார். பயிற்சித் திட்டங்களின் செலவுப் பட்டியலில் குரல் கொடுப்பவருக்குத் தொகை உண்டு, படத்தொகுப்புக்கு உண்டு, நிபுணருக்கு மதிப்பூதியம் உண்டு. கேட்டுச் சொல்பவருக்கு ஒரு நாள் கூலியும் ஜீப் வாடகையும் அதே பட்டியலில் ஏறட்டும்.