சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை

சென்ற வாரம் யேசுவின் சகோதரர்களைப் பற்றிப் பார்த்தோம். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நால்வரை மாற்கு நற்செய்தி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சகோதரிகளும் இருந்தார்கள் என்கிறது. குடும்பத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவிட்டால் அடுத்த கேள்வி தானாகவே வந்துவிடும்: யேசு திருமணம் செய்திருந்தாரா? வன்னியில் இதை யாரும் உரத்துக் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்வியால் பாதிக்கப்படக்கூடியவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். மன்னார் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட செட்டிகுளம், மடு மாதாவைத் தரிசிக்கப் போகிறவர்கள் கடந்து செல்லும் ஊர். அந்தத் திருத்தலத்தில் பூசை வைக்கும் குருவானவர் மணவாழ்வைத் துறந்தவர். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ மெதடிஸ்த சபைப் போதகர் மனைவி பிள்ளைகளோடு குடும்பம் நடத்துபவர். இருவரும் பின்பற்றுவது ஒரே ஆளைத்தான். வள்ளி தெய்வானையோடு முருகனைக் கும்பிடும் அயல்வீட்டுச் சைவருக்கோ, மணம் செய்தால் தெய்வத்துக்கு என்ன குறை வந்துவிடும் என்பதே விளங்காது. அவருடைய அந்தக் கேள்வி நியாயமானது. மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது.

2006 ஆம் ஆண்டு இந்த விவாதம் தமிழர் வாழும் இரண்டு நிலங்களிலும் அரசாங்கத்தின் மேசைக்கு வந்தது. யேசுவும் மகதலா மரியாளும் கணவன் மனைவி, அவர்களுக்குச் சந்ததியும் உண்டு என்ற கற்பனையில் டான் பிரவுன் எழுதிய ‘தி டாவின்சி கோட்’ நாவல் அந்த வருடம் திரைப்படமாக வெளிவந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை கேட்டுக்கொண்டதற்கு இணங்க இலங்கை அரசு படத்தைத் தடை செய்தது. தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. மத்திய தணிக்கைச் சபையின் அனுமதி பெற்ற படத்தை அப்படித் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த ஆணையை நீக்கினார். தடை கேட்டவர்களின் மனவருத்தம் உண்மையானது. ஆனால் தடையால் ஒரு தீங்கு நேர்ந்தது. திருச்சபை எதையோ மறைக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் உயிர்நாடி. தடை அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. சான்றுகளை மக்கள் முன் விரித்து வைத்திருந்தால் அதுவே போதுமான பதிலாக இருந்திருக்கும்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? புதிய ஏற்பாட்டின் எந்தப் பக்கத்திலும் யேசு மணம் செய்தார் என்றும் இல்லை, மணம் செய்யவில்லை என்றும் இல்லை. இரு தரப்பாரும் மௌனத்தை வைத்தே வாதாடுகிறார்கள். மௌனம் ஒரு சான்றாகுமா? எல்லா மௌனமும் ஆகாது. பேசுவதற்குக் காரணமே இல்லாத ஒருவர் பேசாமல் இருந்தால் அதில் அர்த்தம் தேட முடியாது. பேசினால் தன் கட்சி வெல்லும் என்ற நிலையில் இருந்தவர் பேசாமல் விட்டிருந்தால், அந்த மௌனத்துக்கு எடை உண்டு. காணி வழக்கில், கையில் உறுதி உள்ளவர் அதை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நீதிமன்றத்துக்கு வரமாட்டார். ஆகவே நாம் தேட வேண்டியது ஒன்றுதான்: யேசுவுக்கு மனைவி இருந்தார் என்று சொல்வதால் இலாபம் அடைந்திருக்கக்கூடியவர்கள் யார், அவர்கள் என்ன சொன்னார்கள்?

முதலில் வருபவர் பவுல். கி.பி. 50களின் நடுப்பகுதியில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், விசுவாசியான மனைவியை ஊழியப் பயணத்தில் கூட்டிச்செல்லத் தனக்கும் உரிமை உண்டு என்று வாதிடுகிறார். மற்றத் திருத்தூதர்கள் அப்படிச் செய்கிறார்கள், ஆண்டவரின் சகோதரர்கள் செய்கிறார்கள், பேதுருவும் செய்கிறார் என்று பெயர்களை அடுக்குகிறார். யேசுவின் குடும்பத்து ஆட்களையே முன்னுதாரணமாகக் காட்டுபவர், யேசுவுக்கே மனைவி இருந்திருந்தால் அவரை அல்லவா முதலில் காட்டியிருப்பார்? இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமானது. அதே கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில் மணமின்றி இருப்பதே நல்லது என்கிறார் பவுல். அங்கே, யேசுவும் அப்படித்தானே வாழ்ந்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் விவாதம் முடிந்திருக்கும். எழுதவில்லையே? உண்மைதான். பவுலின் மௌனம் இரு பக்கமும் வெட்டும். ஆயினும் இரண்டும் சம எடை கொண்டவை அல்ல என்பது என் எண்ணம். பவுல் யேசுவின் வாழ்க்கைச் செய்திகளை எங்குமே அதிகம் எடுத்தாள்வதில்லை. ஏழாம் அதிகாரத்தில் விட்டுப்போனது அவருடைய வழக்கமான போக்கு. ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் ஆட்களின் பட்டியலையே தயாரிக்கிறார். யேசுவின் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே இருந்த ஒரு பெயரை விட்டுவிட்டார் என்று நம்புவது கடினம்.

பவுலை விடத் தெளிவான சாட்சி அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் எழுதியவர். அவர் காலத்தில் சில கிறிஸ்தவக் குழுக்கள் திருமணமே பாவம் என்று போதித்தன. ஆண்டவர் மணம் செய்யவில்லை, நாங்கள் அவரையே பின்பற்றுகிறோம் என்று பெருமை பேசின. கிளெமெந்து திருமணத்தின் பக்கம் நின்றவர். அந்தக் குழுக்களுக்கு எதிராக, பேதுருவுக்கும் பிலிப்புவுக்கும் பிள்ளைகள் இருந்ததை எடுத்துக் காட்டுகிறார். யேசு மணம் செய்திருந்தார் என்ற மரபு எங்காவது ஒரு மூலையில் இருந்திருந்தாலும் அது அவருக்குப் பேராயுதமாக இருந்திருக்கும். அவரோ எதிரிகளின் கூற்றை ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டு, யேசு ஏன் மணம் செய்யவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறார்: திருச்சபையே அவருடைய மணமகள். அவர் சாதாரண மனிதரைப் போலத் துணை தேட வேண்டியவர் அல்லர். என்றும் நிலைப்பவருக்குச் சந்ததி தேவையில்லை. திருமணத்துக்காக வாதாடியவரே இதைச் சொல்கிறார் என்பதால்தான் இந்தச் சாட்சியத்தை நான் மிக உயர்வாக வைக்கிறேன்.

மூன்றாவது, யேசுவின் குடும்பம். எகேசிப்பு என்ற இரண்டாம் நூற்றாண்டு ஆசிரியர் சொன்ன ஒரு நிகழ்ச்சியை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். தாவீதின் வம்சத்தார் யாரும் மிஞ்சியிருந்தால் கலகம் செய்வார்கள் என்று அஞ்சிய உரோமைப் பேரரசன் தொமித்தியான் முன் (ஆட்சிக் காலம் 81–96), யேசுவின் சகோதரன் யூதாவின் பேரப்பிள்ளைகள் நிறுத்தப்படுகிறார்கள். உங்களுக்கு என்ன சொத்து என்று விசாரணை. பணம் இல்லை, இருவருக்கும் சேர்த்து 39 பிளெத்திரம் நிலம், பெறுமதி 9,000 தெனாரியம், அதைத் தாங்களே உழுது வரி கட்டி வாழ்கிறோம் என்கிறார்கள். பிறகு கைகளை நீட்டிக் காட்டுகிறார்கள்: காய்த்துப் போன கமக்காரக் கைகள். பேரரசன் அவர்களை அற்பமாக எண்ணி விடுதலை செய்துவிடுகிறான். விசாரணை இப்படியே நடந்ததா என்று ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நமக்கு வேண்டியது விசாரணை அல்ல. யேசுவின் உறவினர் என்று அந்தத் தலைமுறை யாரை நினைவில் வைத்திருந்தது என்பதுதான். சகோதரன் யாக்கோபு எருசலேம் சபையின் தலைவராக இருந்து 62இல் கொல்லப்பட்டார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு அதைப் பதிவு செய்திருக்கிறார். அவருக்குப் பின் உறவினரான குளோப்பாவின் மகன் சிமியோன் தலைவரானார். இரத்த உறவுக்கு இவ்வளவு மதிப்பு இருந்த ஒரு சமூகத்தில், சகோதரனின் பேரன்மார் வரைக்கும் கணக்கு வைத்திருந்தவர்கள், ஒரு மனைவியையோ பிள்ளையையோ மறந்திருப்பார்களா? மறைத்துவிட்டார்கள் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். திருத்தூதர்களின் குடும்பத்தை மறைப்பதுதான் நோக்கம் என்றால் பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் கண்ட கதை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே ஏன் நிற்கிறது?

நான்காவது சாட்சி மகதலா மரியாளின் பெயர். வன்னியில் ஒரு பெண்ணை எப்படி அறிமுகம் செய்கிறோம்? இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் தாய். நற்செய்திகளின் வழக்கமும் அதுவே. ஏரோதின் வீட்டு அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னா; யாக்கோபு, யோசே என்பவர்களின் தாய் மரியாள். யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் சிலுவை அடியில் நிற்கும் பெண்களைச் சொல்லும் ஒரே வசனத்தில் யேசுவின் தாய், தாயின் சகோதரி, குளோப்பாவின் மனைவி மரியாள், மகதலா மரியாள் என்று வருகிறார்கள். தாய் மகனைக் கொண்டும், சகோதரி அந்தத் தாயைக் கொண்டும், ஒரு மரியாள் கணவனைக் கொண்டும் அடையாளம் பெறுகிறார்கள். கடைசிப் பெண்ணுக்கு மட்டும் கலிலேயாக் கடலோரத்து ஊரின் பெயர். சிலுவையில் தொங்குபவரே அவருடைய கணவர் என்றால், இந்த வசனம் இப்படி எழுதப்பட்டிருக்க முடியுமா? அடுத்த வசனங்களில் யேசு தம் தாயைத் தம் அன்புச் சீடரிடம் ஒப்படைக்கிறார். விதவையாகப் போகும் மனைவி ஒருவர் அங்கே நின்றிருந்தால், அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் போயிருக்காது.

மறுதரப்பின் மிகப் பழைய வாதத்துக்கு வருவோம். யூத ஆண்மகன் மணம் செய்வது கடமை. ஒரு போதகர் மணமின்றி இருந்திருந்தால் அதுவே பெரிய செய்தியாகி எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாததால் அவர் மணமானவர். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் பிப்ஸ் 1970இல் எழுதிய நூலில் இந்த வாதம் விரிவாக உண்டு. வழமை அதுதான், ஐயமில்லை. ஆனால் விலக்குகள் நிறைய இருந்தன. எசேனியர் என்ற யூதத் துறவியர் மணத்தைத் தவிர்த்தார்கள் என்று யோசேப்பு, பிலோ, உரோமையரான பிளினி ஆகிய மூவரும் எழுதியிருக்கிறார்கள். எரேமியா இறைவாக்கினர் பெண் கொள்ளக்கூடாது என்று பணிக்கப்பட்டவர். பாலைவனத்தில் வாழ்ந்த திருமுழுக்கு யோவானுக்கு மனைவி இருந்ததாக யாரும் சொல்வதில்லை. பரிசேயப் பயிற்சி பெற்ற பவுலே தனியாள். மணத்தைப் பெரிதும் போற்றிய பிற்கால ரபிகள் மத்தியிலும் பென் அசாய், வேத நூலையே காதலித்ததாகச் சொல்லித் தனியாக வாழ்ந்தார். இறைவாக்கினர் வழியில் வந்த ஒருவர் மணமின்றி இருப்பதில் அன்றைய மக்கள் அதிர்ச்சி அடைய ஒன்றும் இருக்கவில்லை.

எகிப்தின் நாக் ஹம்மாதியில் 1945இல் கிடைத்த ஏடுகளில் உள்ள பிலிப்பு நற்செய்தி அடுத்த வாதம். அதில் மகதலா மரியாள் யேசுவின் துணை எனப்படுகிறார். அவர் மரியாளை முத்தமிட்டதாக ஒரு வரியும் உண்டு. எங்கே முத்தமிட்டார் என்ற இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது. வாயில் என்பது பதிப்பாசிரியர்கள் இட்டு நிரப்பியது. அதே நூல் வேறோர் இடத்தில், ஞானம் பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் முத்தமிட்டே ஆவியில் கருக்கொள்கிறார்கள் என்கிறது. சடங்கு முத்தம் பற்றிய பேச்சு இது. யேசுவுக்கு இரு நூறு ஆண்டுகள் பிந்திய ஒரு ஞானக் குழுவின் நூலில் குடும்ப வரலாற்றைத் தேட முடியாது.

2012 செப்டெம்பரில் உரோமையில் நடந்த கொப்திக் ஆய்வு மாநாட்டில் ஹார்வர்ட் பேராசிரியை கேரன் கிங் ஒரு பப்பைரசுத் துண்டை அறிமுகம் செய்தார். நீளம் 8 சென்ரிமீற்றர், அகலம் 4. அதில் யேசு ‘என் மனைவி’ என்று பேசத் தொடங்குகிறார். அந்த இடத்தோடு துண்டு முடிந்துவிடுகிறது. யேசு மணம் செய்தார் என்பதற்கு இது ஆதாரம் அல்ல, பிற்காலத்தில் சிலர் அப்படி நம்பினார்கள் என்பதற்கு மட்டுமே ஆதாரம் என்று அவர் அன்றே சொன்னார். பத்திரிகைகள் அந்தப் பின்பாதியைக் கேட்கவில்லை. ஆய்வுகூடச் சோதனையில் பப்பைரசு பழையதுதான் என்று தெரிந்தது. ஏழு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுத்துத்தான் புதிது. தோமா நற்செய்தியின் வரிகளை வெட்டி ஒட்டி அதை உருவாக்கியிருந்தார்கள். இணையத்தில் கிடைத்த ஒரு தோமா நற்செய்திப் பதிப்பின் அச்சுப் பிழை கூட அப்படியே இந்தத் துண்டில் இருந்தது. அதே கையெழுத்தில் அதே ஆளிடமிருந்து வந்த யோவான் நற்செய்தித் துண்டு ஒன்று, 1924இல் அச்சான ஒரு பதிப்பின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரதி செய்திருந்ததை 2014இல் கிறிஸ்தியன் ஆஸ்கிலண்ட் கண்டுபிடித்தார். 2016இல் ஊடகவியலாளர் ஏரியல் சபார் துண்டின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து எழுதிய பின், போலி என்ற முடிவை நோக்கியே சான்றுகள் போகின்றன என்று கிங் ஒத்துக்கொண்டார். அந்தத் துண்டை உடைத்தது திருச்சபையின் தடை உத்தரவு அல்ல, எழுத்தெழுத்தாக வாசித்த ஆய்வாளர்களின் உழைப்பு.

ஆகவே யேசு மணம் செய்யாதவர் என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவு. சைவ அயலவரின் கேள்விக்கும் இதில் பதில் உண்டு: மணம் இழிவு என்பதால் இந்த முடிவுக்கு வரவில்லை, மணத்தைக் காத்த கிளெமெந்தின் வாக்கைக் கொண்டே வந்தோம். அதே காரணத்தால், இதை வைத்துப் போதகரின் குடும்ப வாழ்வைக் குறைத்துப் பேச இடமில்லை. பேதுரு மனைவியோடுதான் ஊழியம் செய்தார்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது மகதலா மரியாளுக்கு நேர்ந்தது. யேசுவின் இயக்கத்துக்குத் தம் சொத்திலிருந்து உதவிய பெண்களில் ஒருவர் என்று லூக்கா சொல்கிறார். வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர், உயிர்த்த செய்தியைச் சீடர்களுக்கு எடுத்துச் சென்றவர். அவரை 591இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஒரு மறையுரையில் லூக்கா ஏழாம் அதிகாரத்தின் பெயரில்லாப் பாவிப் பெண்ணோடு ஒன்றாக்கினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மேற்குலகின் ஓவியங்கள் அவரை அழுது புலம்பும் விலைமகளாகவே வரைந்தன. இப்போது நாவல்கள் அவரை மனைவியாக்குகின்றன. இரண்டிலும் அவர் ஓர் ஆணோடு கொண்ட உடலுறவால்தான் பொருள் பெறுகிறார். கணவனின் பெயரைச் சாராமல் நிற்கும் பெண் நமக்குப் புதியவர் அல்லர். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குள் கணவன்மாரை இழந்தோ தொலைத்தோ வந்து, பின்னர் தனியாகவே குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் இந்தப் பிரதேசமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மகதலா மரியாளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உரோமை தன் பிழையைத் திருத்திக்கொள்ள நாளெடுத்தது. 1969இல் வழிபாட்டு நாட்காட்டி மாற்றப்பட்டபோது பாவிப் பெண் என்ற அடையாளம் கைவிடப்பட்டது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் மரியாளின் நாளான யூலை 22ஐ, திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். ஆனால் இந்தப் பெண்ணின் அதிகாரத்தைப் பற்றிய சச்சரவு இரண்டாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. 1896இல் கெய்ரோவில் வாங்கப்பட்டு பேர்லினுக்குப் போன ஓர் ஏட்டில், மரியாளின் பெயரால் ஒரு நற்செய்தி இருக்கிறது. முதல் ஆறு பக்கங்களும் நடுவில் நான்கு பக்கங்களும் இல்லை. அதில் பேதுரு எழுந்து, நாங்கள் எல்லோரும் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்க வேண்டுமா என்று கேட்கிறார். அவருக்கு லேவி சொல்லும் மறுமொழியிலிருந்து அடுத்த வாரம் தொடர்வோம்.