ஒளு நீருக்குள் ஓடும் ஆற்றல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் கோவளத்தை அடையலாம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்காவினாலும், மணலில் ஏற்றி வைத்த மீன்பிடிப் படகுகளாலும் அவ்வூரைப் பலரும் அறிவர். அங்கே சுப்ஹு நேரத்தில் சற்று நின்று கவனித்தால், ஆற்றல் என்னும் அருட்கொடை எத்தனை வடிவங்களில் நம்மைச் சூழ்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

பாங்கு சொல்பவரின் குரல் காற்றில் அதிர்வாக எழுகிறது. அது ஒலி ஆற்றல். ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னாற்றலாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி அம்மின்சாரத்தை மீண்டும் ஒலியாக்கி ஊரெங்கும் பரப்புகிறது. அக்குரலுக்கு வலுவளித்தது எது? முந்தைய இரவு அவர் உண்ட சோற்றில் உறைந்திருந்த வேதி ஆற்றல். சோறு முன்னர் நெல்லாக இருந்தது. நெற்பயிர் சூரிய ஒளியை உட்கொண்டு வளர்ந்தது. ஆக, கதிரவன் உதிக்குமுன் ஒலிக்கும் பாங்கிலும் கதிரவனின் ஆற்றலே பேசுகிறது!

பச்சை மரத்திலிருந்து நெருப்பு உண்டாவதைத் திருக்குர்ஆன் ‘யாசீன்’ அத்தியாயத்தில் சிந்திப்போருக்கு அத்தாட்சியாக எடுத்துக் காட்டுகிறது. ஈரமும் குளுமையும் கொண்ட மரத்திற்குள் அனல் ஒளிந்திருப்பது எப்படி என்று எண்ணிப் பார்த்தால், இலைகள் சேமித்து வைத்த வெயிலே விறகில் தீயாக வெளிப்படுகிறது என்ற உண்மை நமக்குப் புலனாகும்.

ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது

ஆற்றலை மனிதனால் புதிதாக ஆக்கவும் முடியாது. இருப்பதை அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்ற மட்டுமே முடியும். 1840களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் போன்றோர் செய்த சோதனைகள் இதனை நிலைநாட்டின.

“அழியாத பொருளை எதற்காகச் சிக்கனப்படுத்த வேண்டும்?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான வினாதான். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆற்றலின் ஒரு பகுதி, திரட்டிப் பயன்படுத்த இயலாத வெப்பமாகச் சிதறிப் போகிறது. சில்லறையாக மாற்றும்போதெல்லாம் தரகு கொடுக்க வேண்டிய நாணயத்தைப் போன்றதுதான் இதுவும். பணம் உலகைவிட்டுப் போய்விடவில்லை; ஆனால் நம் கையில் இல்லை.

காற்றும் கடலும்

பகலில் வெயில்பட்டுத் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெதுவாகவே சூடேறுகிறது. தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வருகிறது. இரவில் இது தலைகீழாகிறது. விடியுமுன் தரைக்காற்றில் பாய்விரித்துச் சென்று, பகலில் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பிய கட்டுமரக்காரர்கள், ஏட்டில் படிக்காமலேயே வெப்ப ஆற்றலை இயக்க ஆற்றலாக்கும் வித்தையை அறிந்திருந்தனர். இன்று படகுகளில் எந்திரங்கள் வந்துவிட்டன. அவை எரிக்கும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சேமித்து வைத்த வெயில்தான்.

காற்றைக் கொண்டு வேலை வாங்குவதில் முஸ்லிம்கள் முன்னோடிகளாகத் திகழ்ந்துள்ளனர். பாரசீகத்தின் சிஸ்தான் பகுதியில் சுழன்ற காற்றாலைகளைப் பற்றிப் பத்தாம் நூற்றாண்டிலேயே அல்-மஸ்ஊதி எழுதியுள்ளார். 1206இல் அல்-ஜஸரீ தாம் எழுதிய பொறியியல் நூலில் நீரிறைக்கும் எந்திரங்களைப் படங்களுடன் விளக்கியுள்ளார்.

அலையிலும் ஆற்றல் உண்டு. கேரளத்திலும் ஒரு கோவளம் இருக்கிறதல்லவா? அதனை அடுத்த விழிஞ்ஞத்தில், அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் சோதனை நிலையம் ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் 1991இல் நிறுவினர். அது பின்னாளில் நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும், அலையை மின்சாரமாக்க முடியும் என்பதை மெய்ப்பித்தது.

கடலின் ஆற்றல் சீறியெழுந்த நாளையும் நம் கரையோர மக்கள் மறக்கவில்லை. வளைத்துப் பிடித்த மூங்கிலைப் போல் பூமியின் பாறைத் தட்டுகளில் நெடுங்காலம் அடங்கிக் கிடந்த ஆற்றல், 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே விடுபட்டது. அது ஆழிப்பேரலையாகித் தமிழகக் கரையை வந்தடையச் சில மணி நேரமே பிடித்தது. மாமல்லபுரத்திற்கும் தெற்கே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள்ளும் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

அடுப்படிப் பாடம்

ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் சகோதரிகளுக்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் வெப்பம் போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்கவோ 22 லட்சம் ஜூலுக்கு மேல் தேவை. அதாவது ஏழு மடங்கிற்கும் அதிகம்! கொதி வந்த பின்னும் அடுப்பை முழு வீச்சில் எரியவிட்டால் கஞ்சியின் சூடு கூடுவதில்லை; நீர் ஆவியாகி ஓடுவதுதான் மிச்சம். கொதித்ததும் தீயைக் குறைத்து, பாத்திரத்தை மூடி வைத்தால், கஞ்சியும் வேகும், எரிவாயுவும் மிஞ்சும்.

கடல்நீர் கேட்கும் விலை

கோவளத்திலிருந்து மேலும் தெற்கே சென்றால் நெம்மேலி. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் 2013இல் திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு ஆலை 2024இல் திறக்கப்பட்டது. சென்னையின் தென்பகுதி மக்களின் தாகத்தை இவை தணிக்கின்றன.

கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அதனை நீக்க, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தத்தில் நீரை நுண்சவ்வுகளின் ஊடே செலுத்துகின்றனர். இத்தகைய நவீன ஆலைகளில் 1,000 லிட்டர் நன்னீருக்குப் பொதுவாக 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இது எவ்வளவு? ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். சேதாரம் ஏதுமின்றிப் பயன்படுத்தினால் அது 1,000 லிட்டர் நீரைச் சுமார் 367 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடும். நான்கு யூனிட் என்றால் ஏறக்குறைய 1,470 மீட்டர். அதாவது, கடற்கரையில் நன்னீரைப் பிரித்தெடுக்கும் செலவு, அந்நீரை ஏற்காட்டு மலைமேல் ஏற்றும் செலவிற்கு ஏறத்தாழச் சமம்!

அந்த மின்சாரமும் சும்மா வருவதில்லை. அனல்மின் நிலையமாயினும் அணுமின் நிலையமாயினும், உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது கடலிலும் காற்றிலும் கலந்துவிடுகிறது.

குழாயடியில் ஒரு கணக்கு

இனிப் பள்ளிவாசலுக்கு வருவோம். நிமிடத்திற்கு 6 லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் இரண்டு நிமிடம் ஒளுச் செய்வதாகக் கொள்வோம். வேளைக்கு 12 லிட்டர். ஐவேளைக்கு 60 லிட்டர். நூறு பேருக்கு 6,000 லிட்டர். ஒவ்வொருவரும் வேளைக்கு 2 லிட்டருடன் நிறுத்திக்கொண்டால் 1,000 லிட்டர் போதும். மிச்சமாகும் 5,000 லிட்டர் கடலிலிருந்து பெற்ற நீராயின், அதனுடன் நாள்தோறும் 15 முதல் 20 யூனிட் மின்சாரமும் மிச்சம். 15 யூனிட்டைக் கொண்டு 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் 160ஐப் பத்து மணி நேரம் எரிக்கலாம்.

“எங்கள் ஊரில் கிணற்று நீர்தானே!” என்பார் சிலர். கரையோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். பிறகு அதே கடல்நீர் ஆலையின் வாசலில்தான் நாமும் குடத்துடன் நிற்க நேரும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ‘முத்’ என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. முக்கால் லிட்டருக்கும் குறைவு. நாம் 2 லிட்டர் எடுத்துக்கொண்டாலும் அண்ணலார் பயன்படுத்தியதைவிட அது இரண்டு மடங்கிற்கும் அதிகமே.

வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆற்றலை ஆக்குவது நம் கையில் இல்லை. ஆனால் அது வீணே சிதறாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகிகள் குறைந்த நீர் விழும் குழாய்களைப் பொருத்தலாம். கூரையில் சூரிய ஒளித் தகடுகளை அமைத்து, உச்சிவெயில் நேரத்தில் நீர்த்தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஒரு குவளை நீரில் ஒளுச் செய்யப் பழக்கலாம். இன்றைய மஃரிபுக்குக் குழாயைத் திறக்கும்போதே நாமும் இதனைத் தொடங்கலாம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.