நீலம் தேடும் குடில் பறவை

கிழக்கு ஆஸ்திரேலியாவின் வீட்டுத் தோட்டங்களுக்கு வருகிறது சாட்டின் குடில் பறவை. ஆண் பறவை குச்சிகளை இரு சுவர்களாக நட்டு, முன்னே நீலப் பொருள்களைப் பரப்புகிறது: இறகு, பூ, நாம் எறிந்த பாட்டில் மூடி, துணிக் கிளிப். பக்கத்துக் குடிலிலிருந்து திருட்டும் உண்டு! இது கூடு அல்ல, பெண் பறவையைக் கவரும் மேடை. கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது பெண் பறவை மட்டுமே.

படமெடுக்க, அசைவைக் கண்டு தானே இயங்கும் கேமராவை வைத்துவிட்டு விலகிவிடுவது நல்லது. நீலப் பொருளை அலகில் ஏந்தி அது ஆடுவது அப்போதுதான் பதிவாகும்.

ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் முன் தனி மதிப்பு உண்டென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் கற்பித்தார். பால் பாட்டில் மூடியின் நீல வளையமோ பறவையின் கழுத்தில் மாட்டி அதன் உயிரைப் பறிக்கலாம். எனவே வளையத்தை வெட்டிய பிறகே குப்பையில் போடுவது நல்லது.