எடைக்குப் போடுமுன்

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது கிழிந்த பாய், பழந்துணியெல்லாம் மளமளவென்று வெளியேறும். புத்தக அலமாரியில்தான் கை நின்றுவிடும். ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர் போன்ற ஊர்களில் தறி இருக்கும் வீட்டில் கூடம் தறிக்கே சரியாகிவிடும். புத்தகம் பரண் ஏறும். அங்கே இராமபாணப் பூச்சி அதை நிதானமாகப் படித்து முடிக்கும்.

எதை வைத்துக்கொள்வது?

இதற்கு வழிகாட்டியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கி எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேகரிப்பில் ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று அது தரமணியில் இயங்குகிறது.

வீட்டு அலமாரிக்கும் முத்தையாவின் கணக்குதான்: மற்றவர்கள் தூக்கி எறிவதுதான் பிறகு கிடைக்காது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாட்டுடைமையான நூல். கடையிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். தாத்தா ஓரத்தில் குறிப்பெழுதிய பிரதியாக இல்லாவிட்டால் தாராளமாகக் கொடுத்துவிடலாம். உள்ளூர் அச்சகத்தில் அடித்த தலபுராணம், கும்பாபிஷேக மலர், கூத்து வாத்தியாரின் கையெழுத்து நோட்டு, பாட்டன் காலத்து நெசவுக் கூலிக் கணக்கு? அட்டை போயிருந்தாலும் அவைதான் அபூர்வம்.

அப்படி ஏதாவது உங்கள் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் முதல் பக்கத்தைப் படமெடுத்து ரோஜா முத்தையா நூலகத்துக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேளுங்கள்.