காகிதம் போன பாதை – 14: ‘லோக்.’

போன வாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நிறுத்தினேன். புதுச்சேரிப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஏன் அவர் பெயர் என்பதும் அங்கேயே இருக்கிறது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் கேசட்டுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்.

சின்ன விஷயம் என்றுதான் செவ்வாய்க்கிழமை நினைத்தேன். இன்று வெள்ளி. ராத்திரி எட்டு மணிக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும், நான் இன்னும் அந்தச் சின்ன விஷயத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இடைசெவல் டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து போனில் தமிழ்ப் பேரகராதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் போட்ட அதே லெக்சிகன்தான். ஆனால் நான் பார்த்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின் அகராதித் தொகுப்பில். கோவில்பட்டிக்குத் தெற்கே டீ குடிக்கிற ஒருவன் நம் பக்கத்துச் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள, சென்னையில் அச்சான புத்தகத்தை அமெரிக்கா வழியாகப் பார்க்கிறான். இந்தத் தொடரில் இதுமாதிரிப் பயணங்கள் நமக்குப் பழகிவிட்டதால் அதை விடுங்கள்.

கரிசக்காட்டுச் சொற்களாக வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இலக்கியத்தில் இருக்கிற சொல் என்றால், பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு முகவரி கொடுக்கிறார்கள். குறளில் வந்தால் குறள் என்று போட்டு, எத்தனையாவது குறள் என்ற எண்ணும். கம்பராமாயணம் என்றால் எந்தப் படலம் என்பது வரைக்கும். ஊர்ப் பேச்சில் மட்டும் இருக்கிற சொல்லுக்கு? வாலில் ஆங்கில எழுத்தில் மூன்றே எழுத்து, ஒரு புள்ளி. ‘லோக்.’ லோக்கல் என்பதன் சுருக்கம். இடவழக்காம்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். “அண்ணாச்சி, நம்ம பேச்சுக்கு லோக்கல்னு போட்டிருக்காங்க.”

“பின்ன, ஃபாரின்னா போடுவாங்க?” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நியாயந்தான். ஆனால் எனக்கு அடங்கவில்லை. லோக்கல் என்றால் எங்கே இருந்து பார்க்கும்போது லோக்கல்? அந்த அகராதி வேலை 1913இல் தொடங்கியது மதுரையில். அறுபது வயதைத் தாண்டிய ஜே. எஸ். சாண்ட்லர் என்கிற அமெரிக்க மிஷன் பாதிரியார் பொறுப்பில். கையில் முதலாக இருந்தது 1862இல் வந்த வின்சுலோ அகராதி, 67,452 சொற்கள். பிறகு அலுவலகம் சென்னைக்குப் போனது. சாண்ட்லர் 1922இல் விலகிக்கொண்டார். 1924இல்தான் முதல் தொகுதி. 1926இல் பதிப்பாசிரியராக வந்து 1936இல் ஆறாம் தொகுதியோடு முடித்துக் கொடுத்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள். 1939இல் வந்த அநுபந்தத்தில் இன்னும் 13,357. வையாபுரிப் பிள்ளை நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர், வக்கீலாக இருந்தவர். ஆக, ‘லோக்.’ போட்டவர்கள் பட்டணத்துக்காரர்கள் என்று ஒரேயடியாகத் திட்டவும் வழியில்லை.

புதன்கிழமை முழுக்க அந்த மூன்று எழுத்தின் மேல் கோபமாக இருந்தேன். வியாழக்கிழமை காலையில் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதே அகராதியில் சில சொற்களுக்குத் திருநெல்வேலி வழக்கு என்றும் நாஞ்சில்நாட்டு வழக்கு என்றும் தனித்தனிச் சுருக்கம் உண்டு. எட்டையபுரத்துச் சொல்லை ஏட்டில் இல்லாத சொல் என்று வீசி எறியாமல், எந்தப் பக்கத்துச் சொல் என்று ஒரு சீட்டாவது ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்கள் உயிராக மதிப்பது அந்தச் சீட்டைத்தான். ஒரு காகிதம் எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது என்பது தெரியாவிட்டால், அது எவ்வளவு பழசாக இருந்தாலும் பாதி ஊமை. பல்கலைக்கழக வரலாறு என்றால் பட்டமளிப்பு மலர்களையும் கட்டட அடிக்கல்லையும் காட்டுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலிருந்து யாரை மதித்தது, யாரைத் திண்ணையோடு நிறுத்தியது என்பதற்கு இந்த ஆறு தொகுதிகளின் அடைப்புக்குறிகளை விடப் பெரிய ஆவணம் வேண்டுமா? புலவருக்குப் பாட்டெண். சம்சாரிக்கு லோக்.

சம்சாரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் ‘சம்சாரி’ என்று தட்டினேன். கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி என்று இந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கணினி எனக்கு எடுத்துக் கொடுத்தது குடும்ப வாழ்க்கைக்கு நாலு யோசனை சொல்கிற புத்தகங்கள். ‘விவசாயி’ என்று தட்டினால் வேளாண் துறைக் கையேடுகள். ‘படப்பு’ என்று போட்டேன், ஒன்றுமே இல்லை. வைக்கோற்போர் என்று போட்டிருக்க வேண்டுமாம். மின்னணுவாக்கம், மின்னணுவாக்கம் என்று லட்சக்கணக்கில் பக்கங்களை ஸ்கேன் செய்கிறார்கள், சந்தோஷம். பட்டியல் எழுதுகிறவர் கம்மாயைக் கண்மாய் என்று திருத்தி எழுதினால், கம்மாய் என்று தேடுகிறவனுக்கு அந்தப் பக்கம் எரிந்துபோன பக்கத்துக்குச் சமம்.

இதற்கு மருந்து இந்த ஊர்க்காரர் ஒருவர் 1982லேயே எழுதி வைத்துவிட்டார். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. அதில் எந்தச் சொல்லுக்கும் ‘லோக்.’ போட வேண்டிய அவசியமே வரவில்லை. புத்தகம் முழுக்கவே லோக்கல். பல்கலைக்கழகம் கேட்டுச் செய்ததல்ல. மானியம் இல்லை, அலுவலகம் இல்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒரு சம்சாரியின் வேலை. பின்னால் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தது உட்பட, வட்டார அகராதிகள் ஒவ்வொன்றாக வந்தது இந்த வழித்தடத்தில்தான். இதைத் தேடுபொறிக்குப் பின்னால் வைத்து, சம்சாரி என்றால் விவசாயியையும் சேர்த்துக் காட்டு என்று சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? யாராவது கணினிப் பிள்ளைகள் சொல்லுங்கள். நாலாட்டின்புத்தூரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, இடைசெவலுக்குக் கூப்பிடு தூரம்.

1989இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ராஜநாராயணனை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது நாலு. பேராசிரியருக்கு அறுபத்தைந்துக்கு மேல். அரசு வேலைக்காரரை 58 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆவணப்படுத்துவதுதான் அவர் வேலை. 2007இல் அன்னம் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் 944 பக்கம். ஒரு பட்டமும் இல்லாதவரைப் பேராசிரியராக்கக் கிளம்பிய கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கியிருக்கும், யார் யார் என்னென்ன குறிப்பு எழுதியிருப்பார்கள்! இந்தத் தொடரை நான் தொடங்கியதே அந்தக் கோப்பை ஒருநாள் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில்தான். நிறைய பேருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

வையாபுரிப் பிள்ளையிடம் திரும்புகிறேன், அவரைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் சுவடிகளும் இன்று இருப்பது கல்கத்தா தேசிய நூலகத்தில், அவர் பெயரிலேயே ஒரு தனித் தொகுப்பாக. மாறாக, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டியதை அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியும், கப்பலேற்றாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கி வைத்தது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எதையும் கழித்துக் கட்டாத மனிதர் அவர். அவரைப் பற்றி மூன்று வாரம் எழுதலாம். ஆசிரியர் விட மாட்டார்.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஃபாரின்னா போடுவாங்க என்ற அண்ணாச்சி எழுந்து வீட்டுக்குப் போனார். என் பேச்சு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். கால்மணி நேரத்தில் பாலிதீன் பை ஒன்றோடு வந்தார். உள்ளே மூன்று பட்டச் சான்றிதழ்கள். அவருடைய மூத்த அண்ணன் பாளையங்கோட்டையில் படித்தது. தலைப்பில் சென்னைப் பல்கலைக்கழகம். இவர் படித்தது எழுபதுகளில்; மதுரைப் பல்கலைக்கழகம். காமராசர் பெயர் இல்லை, ஏனென்றால் 1966இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 1978இல்தான் அந்தப் பெயர் சேர்ந்தது. மகள் கோவில்பட்டியில் படித்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அது 1990இல் வந்தது.

“நாங்க ஊரை விட்டு எங்கயும் போகலெ. அதுதான் மெட்ராஸ்லெருந்து மதுரைக்கு வந்து, மதுரைலெருந்து திருநவேலிக்கு வந்து, கொஞ்சங்கொஞ்சமா எங்க வீட்டுப் பக்கமா நடந்து வந்திருக்கு” என்றார்.

அவர் அனுமதியோடு மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

மணி ஏழே கால். கேசட் விஷயத்துக்கு வருகிறேன் என்று சொன்னேனே, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்புறக் கதையைப் பதிவு செய்கிறவர்களுக்கு முதல் பாடமே, கதை சொல்கிறவரின் பெயர், வயது, ஊர், தேதி நாலையும் நாடாவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதிய வேண்டும் என்பதுதான். உறை கிழியலாம், சீட்டு உதிரலாம். குரலோடு ஒட்டிய முகவரி நாடா இருக்கிற வரைக்கும் இருக்கும். கிட்டத்தட்ட குறளுக்குப் போடுகிற எண் மாதிரி.

நேற்று ராத்திரி பரணிலிருந்து எங்கள் வீட்டு கேசட்டுகளை இறக்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆச்சி சொன்ன கதைகளை நான்தான் ஒரு கேசட்டில் பதிந்து வைத்தேன். முப்பத்திரண்டு கேசட் இருந்தது. ஒன்றின் மேலும் ஆச்சி பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. எல்லாம் சினிமாப் பாட்டுப் பெயர்கள், என் கையெழுத்தில். அந்தக் கதை இருக்கிற கேசட் எது என்று தெரிய முப்பத்திரண்டையும் போட்டுக் கேட்க வேண்டும். வீட்டில் இருக்கிற டேப் ரிக்கார்டர் ஓடவில்லை. கோவில்பட்டியில் அதைப் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அண்ணாச்சி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஓடினால், அடுத்த வாரம் கேசட்.