டிவி ஸ்டாண்டில் குடியேறும் மலைப்பாம்பு

தட்டை டிவி வந்த புதிதில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டு வாசல்களில் பெரிய பெரிய மர ஸ்டாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. முதுகு புடைத்த பழைய பிக்சர் டியூப் டிவிகளுக்காகவே செய்தவை. இரண்டடி ஆழம், நாலைந்தடி அகலம். தூக்க மூன்று பேர் வேண்டும். புது டிவி சுவரில் ஏறிக்கொண்டதும் ஸ்டாண்டுக்கு வேலை போய்விட்டது. காசு கொடுத்து வாங்க ஆளில்லாமல், ‘வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சீட்டு ஒட்டித் தெருவில் வைத்தார்கள். அவற்றை ஆசை ஆசையாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் பாம்பு வளர்ப்பவர்களும் உண்டு.

நாய், பூனை மாதிரி அங்கே பாம்பும் செல்லப் பிராணி. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் என்று பல இடங்களில் விஷமில்லாத பாம்புகளைச் சட்டப்படி கடையிலேயே வாங்கலாம். அதிகம் விற்பவை இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக். இன்னொன்று, மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் என்கிற சிறு மலைப்பாம்பு. பெயருக்கேற்ப, பயந்தால் உடம்பைப் பந்தாகச் சுருட்டித் தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். இரண்டுமே நாலைந்தடி வளரும். பல சமயம் பாம்பின் விலையைவிட அதற்கான பெட்டியின் விலை அதிகம். அதனால்தான் பழைய பீரோ, ஷோகேஸ், புத்தக அலமாரி, முயல் கூண்டு என்று கண்ணில் படுவதையெல்லாம் பாம்பு வீடாக மாற்றும் வேலை அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

இதை வார இறுதி விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பால் பைத்தான், 2020 ஜூலையில் முட்டையிட்டுச் செய்தியில் அடிபட்டது. அப்போது அதற்கு வயது அறுபதுக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். வீடுகளில் வளர்பவையும் இருபது, முப்பது வருடம் சாதாரணமாக இருக்கும். இன்று செய்யும் பெட்டி அத்தனை காலம் தாங்க வேண்டும்.

அகலம் இருந்தால் போதாது

அலமாரியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் நீளத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஆழத்தை.

பாம்பு எப்போதும் சுருண்டே கிடக்கும், அதற்குச் சின்னப் பெட்டி போதும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கை இப்போது உடைந்துவிட்டது. 2019-இல் க்ளிஃபோர்ட் வார்விக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இடம் கிடைத்தால் பாம்புகள் உடம்பை நேராக நீட்டிக்கொள்வதை எடுத்துக் காட்டியது. பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வும், பாம்பு முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்றே சொல்கிறது. ஜெர்மனியில் 1997-லேயே, கூண்டின் குறைந்தபட்ச அளவைப் பாம்பின் உடல் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிடும் வழிகாட்டி வந்துவிட்டது. பால் பைத்தானுக்கு நீளம் உடலின் அளவு, ஆழம் அதில் பாதி, உயரம் முக்கால். நாலடிப் பாம்பு என்றால் 120 சென்டிமீட்டர் நீளம், 60 ஆழம், 90 உயரம். அமெரிக்க வளர்ப்பாளர்கள் ‘நாலு, இரண்டு, இரண்டு அடி’ என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வதும், உயரம் நீங்கலாக, இதே கணக்குதான்.

இந்த அளவை வைத்துக்கொண்டு மரச்சாமான் கடைக்குள் நுழைந்தால் பாதிச் சாமான் அங்கேயே கழிந்துவிடும். ஐக்கியாவின் பில்லி புத்தக அலமாரி 1979-இல் கில்லிஸ் லுண்ட்கிரென் வடிவமைத்தது. உலகமெங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் அதன் ஆழம் 28 சென்டிமீட்டர். புத்தகத்துக்குச் சரி, வளர்ந்த பாம்பு அதில் திரும்பிப் படுக்கவே சிரமப்படும். அதே கம்பெனியின் பாக்ஸ் துணி அலமாரியில் 58 சென்டிமீட்டர் ஆழமுள்ள வகை உண்டு. சட்டையும் கோட்டும் மாட்டுவதற்காக வைத்த ஆழம் பாம்புக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. டெட்டால்ஃப் என்ற கண்ணாடி ஷோகேஸைப் படுக்கவைத்துப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். 163 சென்டிமீட்டர் நீளம் கிடைக்கும். ஆழம் நாற்பதைச் சுற்றித்தான் வரும். அதன் கண்ணாடி டஃபன்டு வகை என்பதால் ட்ரில் பட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும். காற்றுக்கும் வயருக்கும் அதில் ஓட்டை போட வழியில்லை.

முயல் கூண்டு பார்ப்பதற்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். உண்மையில் அதிக வேலை வைப்பது அதுதான். குளிர் தாங்கும் பிராணிக்காகத் தோட்டத்தில் வைக்கச் செய்த கூண்டு அது. முன்பக்கக் கம்பி வலை வழியாகச் சூடு முழுவதும் வெளியேறிவிடும். வெளியே வரத் துடிக்கும் பாம்பு வலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அடிப்பலகையில் ஊறிப்போன முயல் மூத்திரம் கழுவினாலும் போகாது. வலையை எடுத்துக் கண்ணாடி போட்டு, உள்ளே புதுப் பலகை அடித்து, தரையை மாற்றி முடிக்கும்போது கூண்டில் மிஞ்சுவது நாலு கால்தான்.

முதுகுப் பலகை என்னும் வாசல்

எந்த அலமாரியையும் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் பளபளவென்று இருப்பதன் பின்னால் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஹார்ட்போர்டு, சுற்றிலும் சின்னச் சின்ன ஆணிகள். இரண்டு ஆணிக்கு நடுவில் விரலால் அழுத்தினால் பலகை கொஞ்சம் விலகிக்கொடுக்கும். புத்தகமும் பீங்கானும் அதைத் தள்ளப்போவதில்லை. பாம்பு தள்ளும். இரவில் மூலை மூலையாக மூக்கை வைத்து அழுத்திப் பார்ப்பதே அதன் வேலை. ஓரிடத்தில் பலகை இளகிக் கொடுத்தால் அங்கேயே திரும்பத் திரும்ப வரும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். முட்டையிலிருந்து வந்த கார்ன் ஸ்நேக் குட்டி பென்சில் பருமன்தான் இருக்கும். அரை சென்டிமீட்டர் இடுக்கே அதற்குத் தாராளம்.

ஆகவே முதல் வேலை, அந்த ஹார்ட்போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கனமான பலகையை வைத்து நெருக்கமாக ஸ்க்ரூ முடுக்குவது. ஷெல்ஃப் தாங்கிகளுக்காகப் பக்கப் பலகையில் வரிசையாகப் போட்டிருக்கும் துளைகள், வயர் போகும் ஓட்டை, கதவின் கீல் பக்கத்து இடைவெளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். இந்த இடுக்குகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாம்பின் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணிகள் ஒளிந்து முட்டையிடுவது இங்கேதான். ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் மரப் பெட்டியை அவற்றிடமிருந்து மீட்பது பெரும்பாடு.

ஈரம் தாங்காத பலகை

இன்றைய மலிவு மரச்சாமானில் மரம் குறைவு. மரத்தூளைப் பிசினில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு, மேலே மெல்லிய மெலமைன் தோல். மேல்பரப்பு தண்ணீருக்கு அசைந்துகொடுக்காது. வெட்டிய விளிம்பு கொடுக்கும். தண்ணீர்ச் சட்டி ஒருமுறை கவிழ்ந்து, ஈரம் மூலைக்குள் இறங்கினால் பலகை பொதபொதவென்று ஊதிவிடும். திரும்பப் பழைய நிலைக்கு வராது. பால் பைத்தானுக்குக் காற்றில் ஈரப்பதம் 50, 60 சதவீதமாவது வேண்டும். குறைந்தால் சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக உரியும். கண்மேல் உள்ள தோல் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். பாம்புக்குத் தேவையான ஈரம் பலகைக்கு எமன்.

இதற்கு வழி, உள் மூலைகள் அனைத்திலும் மீன்தொட்டி சிலிக்கானைக் கோடு இழுப்பது. வெட்டிய விளிம்புகளையும் வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். பார்ட்டிகிள் போர்டின் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால், சூடும் ஈரமும் சேரும்போது அது வெளியேறாமல் தடுக்கவும் இந்தப் பூச்சு உதவும். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கான் வேண்டாம். அதில் மருந்து கலந்திருக்கும். பூசிய சிலிக்கானின் வினிகர் வாடையும், வார்னிஷ் நெடியும் முழுக்க அடங்கும்வரை பாம்பை உள்ளே விடக் கூடாது. நாளை எண்ணுவதைவிட மூக்கை நம்புவது நல்லது. தேவதாரு வகை மரங்களின் வாசனை நமக்கு இதமாக இருக்கும். அதிலுள்ள எண்ணெய் ஊர்வனவற்றுக்கு ஆகாது. அமெரிக்காவில் 1978-க்கு முந்திய பெயின்ட் அடித்த பழஞ்சாமான் என்றால் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சுரண்டத் தொடங்குமுன் யோசிக்க வேண்டும்.

கண்ணாடியும் காற்றும்

மரக் கதவைக் கழற்றியதும் முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் இரட்டை ஸ்லைடிங் கண்ணாடி போடுவார்கள். மேல் சேனலின் பள்ளம் கீழ்ச் சேனலைவிட ஆழமாக இருக்கும். கண்ணாடியை மேலே தூக்கிச் செருகி, கீழே இறக்கினால் உட்கார்ந்துவிடும். இந்தச் சின்னக் கணக்கு தப்பினால் கண்ணாடி உள்ளேயே போகாது. சேனலை ஒட்டி, அளவெடுத்து, பிறகே கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். பூட்டு கட்டாயம். வழுக்கும் கண்ணாடியைப் பாம்பு உடம்பால் நெம்பியே நகர்த்திவிடும். பிரிட்டனில் கோடைக்காலம் வந்தாலே ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்குத் தப்பிய பாம்புகளைப் பற்றி போன் வரத் தொடங்கிவிடுகிறது. சூடு ஏறினால் பாம்புகளுக்குச் சுறுசுறுப்பும் ஏறும்.

காற்றுத் துளைகளை ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் வைத்தால் சூடான காற்று மேலேறி வெளியேற, புதுக் காற்று கீழே தானாக உள்ளே வரும். துளைகளின் மேல் நெருக்கமான ஜாலி போட மறக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

பாம்பின் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. அதனால் பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 20 முதல் 24. எங்கே எப்போது படுப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். நாலடி நீளம் வேண்டும் என்று அடித்துச் சொல்வதற்கு இதுவும் காரணம். குட்டைப் பெட்டியில் இரண்டு முனையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.

விபத்து நடப்பதும் இந்த இடத்தில்தான். சூடேற்றும் மின் விரிப்பான ஹீட் மேட், கட்டுப்பாடில்லாவிட்டால் 40 டிகிரியைத் தாண்டிப் போகும். பாம்பு அதன்மேலேயே கிடந்து வயிறு வெந்து புண்ணாகும். மேலே தொங்கும் பல்பைப் பாம்பு சுற்றிக்கொண்டு வெந்துபோவதும் உண்டு. ஆகவே பல்பைச் சுற்றி வலைக் கூடு, செராமிக் ஹீட்டர் என்றால் பீங்கான் ஹோல்டர் (பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்), எல்லாவற்றுக்கும் மேல், சூட்டை அளவோடு நிறுத்தும் ஒரு நல்ல தெர்மோஸ்டாட். ஹீட் மேட்டுக்குச் சாதாரண ஆன்–ஆஃப் வகை போதும். செராமிக்குக்கு பல்ஸ் வகை, பல்புக்கு டிம்மிங் வகை. மரப் பெட்டிக்குள் நாள் முழுக்க மின்சாரச் சூடு இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பாம்புக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும் தெர்மோஸ்டாட்தான் காவல்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், பழைய சாமானில் மிச்சமாவது பலகைக் காசு மட்டும். கண்ணாடி, பூட்டு, சிலிக்கான், தெர்மோஸ்டாட், ஒளிய இரண்டு மறைவிடம், தண்ணீர்ச் சட்டி எதற்கும் தள்ளுபடி கிடையாது. உறுதியான, ஆழமான சாமான் சும்மா கிடைத்தால் கணக்கு லாபம். ஆழம் குறைந்ததை, ஊதிப்போனதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யக் கிளம்பினால் புதுப் பெட்டியைவிடச் செலவு கூடும்.

நம்மூரில் இதைப் படித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்தால் ஒரு வார்த்தை. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழகான அலமாரியில் வைத்தாலும் குற்றம்தான். பால் பைத்தான் போன்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்துக் கடத்திவந்த மலைப்பாம்புக் குட்டிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அந்தச் சந்தையில் காசு கொடுத்து வாங்குவதும் கடத்தலுக்குத் துணைபோவதுதான். பாம்பைப் பார்க்க ஆசையென்றால் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகலாம். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழ்ந்து, வளர்த்தே தீருவது என்று முடிவுசெய்தவர்கள் முதலில் தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள். அலமாரியைப் பிறகு தேடலாம்.