மூக்குக்கு எட்டாத விஷம்

கெட்டுப்போன மீனை முகர்ந்தே கண்டுபிடித்து விடலாம் என்பது கடற்கரை நம்பிக்கை. ஹிஸ்டமின் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலிப்பதில்லை. அதை அளக்கும் கருவிகளோ கரையிலிருந்து வெகு தூரத்தில்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் விழிஞ்ஞம். ஒரு பக்கம் 2024 டிசம்பரில் வர்த்தகப் பணியைத் தொடங்கிய சர்வதேசத் துறைமுகம், வானளாவும் கிரேன்களுடன். மறுபக்கம் பழைய மீன்பிடித் துறைமுகம். தென்மேற்குப் பருவமழையில் மற்ற கரைகளில் கடல் கொந்தளிக்கும்போது, சுற்றுவட்டாரப் படகுகளும் இங்கேதான் ஒதுங்கும். படகு கரை தொட்டதுமே ஏலம் ஆரம்பமாகிவிடும். ஏலத்தில் எடுத்த மீனை அலுமினியச் சருவத்தில் அடுக்கிக்கொண்டு பெண்கள் நகரத்துக்குக் கிளம்புவார்கள். சிலர் பாளையம் சந்தைக்கு, சிலர் வீட்டு வாசல்களுக்கு.

வாங்குகிறவர்கள் சும்மா வாங்குவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கண் பளபளக்கிறதா என்று கவனிப்பார்கள். விரலால் அழுத்துவார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். தலைமுறைகளாகக் கைகொடுத்துவரும் சோதனைகள்தாம் இவை. ஆனால் சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் இத்தனை சோதனைகளையும் ஏமாற்றிவிடக் கூடியவை.

இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் தாராளமாக இருக்கிறது. மீன் செத்த பிறகு, செவுளிலும் குடலிலும் இருக்கும் சில வகை பாக்டீரியாக்கள் வெயில் சூட்டில் பெருகி, தங்கள் என்ஸைமால் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அழுகல் நாற்றம் வருவதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு என்ன செய்தும் பயனில்லை. குழம்பில் கொதித்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், டப்பாவில் அடைத்து நீராவியில் வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். சில சமயம் நாக்கில் மிளகு பட்டதுபோல ஒரு சுறுசுறுப்பு தெரியும். பல சமயம் அதுகூடத் தெரியாது.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும். உடம்பு அரிக்கும். தலைவலி, படபடப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடரும். பெரும்பாலோருக்கு ஒரே நாளில் சரியாகிவிடும். அறிகுறிகள் அச்சு அசலாக அலர்ஜிபோல இருப்பதால், "உனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டிவிடும் வாய்ப்பு அதிகம். உண்மையில் அந்த உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு அந்த ஒரு மீனில்தான்.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு இலங்கையில் சான்று இருக்கிறது. ஹிஸ்டமினைச் சிதைக்கும் என்ஸைம் நம் குடலிலேயே உண்டு. காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் மாத்திரை அந்த என்ஸைமைத் தடுத்துவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டுவந்த நோயாளிகள் சூரை வகை மீன்களைச் சாப்பிட்டதும் அவதிப்பட்டதை, இலங்கை மருத்துவர்கள் ஊரகோடாவும் கொத்தேகொடாவும் 1977ல் பதிவு செய்தார்கள். 1981ல் சேனநாயக்கவும் வைரவநாதனும் அதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மீனிலிருந்த ஹிஸ்டமினே காரணம் என்று தெரிந்திராவிட்டால் பழி மாத்திரைமேல் விழுந்திருக்கும். குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரையை நோயாளி பாதியில் நிறுத்திவிட்டால், காசநோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். இந்தியாவிலும் அரசு இலவசமாகக் கொடுக்கும் காசநோய் மருந்துகளில் ஐசோனியாசிட் இருக்கிறது. கடற்கரைக் கிராமத்தில் ஏழையின் புரோட்டீனும் இந்த மீன்தான்.

ஹிஸ்டமினை அளக்கும் வித்தைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1910ல் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் உடம்பில் ஹிஸ்டமினின் வேலைகளை ஆராய்ந்தபின், கினி பன்றியின் குடல்துண்டே வெகுகாலம் அளவுகோலாக இருந்தது. ஹிஸ்டமின் பட்டால் அந்தத் துண்டு சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு ஹிஸ்டமின். 1959ல் ஷோர் குழுவினர் உயிரைத் தொடாத வழி ஒன்றைக் காட்டினார்கள். ஹிஸ்டமினுடன் ஓ-தாலால்டிஹைடு என்ற ரசாயனம் சேர்ந்தால், புற ஊதா ஒளியில் அது மின்னும் என்பதே அந்த வழி.

மீன் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படும் ஒரு முறைக்கு அதுவே அடிப்படை. மீன் சதையை அரைத்து மெத்தனாலில் கலந்து, 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சூடாக்குவார்கள். வடித்த சாற்றை, மற்ற பொருள்களைப் பிடித்து நிறுத்தும் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே இறக்குவார்கள். பிறகு ரசாயனத்தைச் சேர்த்துக் கருவியில் வைத்தால் நீல ஒளி எழும். அளவு தெரிந்த ஹிஸ்டமின் கரைசலின் ஒளியோடு ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

இந்த முறை ஹிஸ்டமினை மட்டுமே சொல்லும். அழுகும் மீனில் புட்ரசின், கடாவரின், டைரமின் என்று வேறு சொந்தக்காரர்களும் உண்டு. பயோஜெனிக் அமீன்கள் என்பது குடும்பப் பெயர். இவற்றில் புட்ரசினும் கடாவரினும் குடல் என்ஸைமைத் தடுத்து ஹிஸ்டமினின் கொடுமையைக் கூட்டுகின்றன. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து அளக்க ஹெச்.பி.எல்.சி. கருவி வேண்டும். இந்த அமீன்களில் பல கருவியின் கண்ணில் தாமாகத் தெரிவதில்லை. அதனால் டான்சில் குளோரைடு போன்ற ரசாயனத்தை ஒட்டி, மின்னும் சட்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். இன்னும் நுட்பமாக, ஒவ்வொன்றையும் அதன் எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களும் வந்துவிட்டன.

மனித ரத்தத்தில் அளப்பது இதைவிடச் சிரமம். ஹிஸ்டமின் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். ரத்த அணுக்களுக்குள்ளும் ஹிஸ்டமின் இருப்பதால், எடுத்த ரத்தத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் இல்லாத விஷம் இருப்பதுபோலத் தெரியும். அதனால் சிறுநீரில் வெளியேறும் மெத்தில் ஹிஸ்டமினைத் தேடுவார்கள். ட்ரிப்டேஸ் என்ற இன்னொரு பொருளும் துப்புக் கொடுக்கும். கடுமையான அலர்ஜியில் அது பெரும்பாலும் ரத்தத்தில் உயரும். மீன் விஷத்தில் உயராது. இதையெல்லாம்விட நேரடியான சாட்சி, சட்டியில் மிச்சமிருக்கும் மீன் துண்டு. அதைக் கொட்டிவிடாமல் குளிரில் வைத்து ஆய்வுக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? 2012ல் உலக உணவு, வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, ஆரோக்கியமானவர்களுக்கு ஒருவேளை உணவில் 50 மில்லிகிராம்வரை தொல்லை இல்லை என்றது. ஒருவர் கால் கிலோ மீன் சாப்பிடுவதாக வைத்தால், கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஐரோப்பிய விதிப்படி ஒரு சரக்கிலிருந்து ஒன்பது மாதிரிகள் எடுக்க வேண்டும். இரண்டு மட்டும் 100க்கும் 200க்கும் இடையில் இருக்கலாம். எதுவும் 200ஐத் தாண்டக் கூடாது. ஏன் ஒன்பது? ஒரே மீனில்கூட ஹிஸ்டமின் சீராகப் பரவியிருப்பதில்லை. வயிற்றுப் பக்கம் கொட்டிக் கிடக்கும்போது வால் பக்கம் சுத்தமாக இருக்கலாம். பக்கத்து மீனில் சுத்தமாக இல்லாமலும் போகலாம்.

1997 ஆகஸ்டில் சுகாதாரக் குறைகளைக் காட்டி ஐரோப்பிய யூனியன் இந்தியக் கடல் உணவுக்குத் தடை போட்டது. ஏற்றுமதி ஆலைகள் பெரும் செலவில் தங்களை மாற்றிக்கொண்டன. இப்போது கப்பலேறும் சூரைக்கு ஒன்பது மாதிரிச் சோதனை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதியும் ஹிஸ்டமினுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் சருவத்தில் வரும் மீன், ஆய்வு முடிவு வருவதற்குள் குழம்பாகிச் செரித்தும் போயிருக்கும்.

கேரளத்தில் 2018ல் ஃபார்மலின் கலந்த மீன் டன்கணக்கில் பிடிபட்டபோது, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டைகள் கைகொடுத்தன. மீன்மேல் தேய்த்தால் நிறம் மாறும். வாங்குகிறவருக்குத் தைரியம் தந்த சாதனம் அது. ஆனால் ஃபார்மலின் இல்லை என்று பட்டை சொன்னால், ஹிஸ்டமின் இல்லை என்று பொருளாகாது. ஹிஸ்டமினுக்கும் விரைவுச் சோதனைக் கிட்டுகள் உண்டு. அவற்றுக்கும் மீனை அரைக்க வேண்டும், சாறு எடுக்க வேண்டும். ஏலக் கூச்சலுக்கு நடுவே நடக்கிற காரியமில்லை.

ஆக, கரையில் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஹிஸ்டமின் உருவாகவே விடாமல் தடுப்பது. காற்றோ நீரோ 28.3 டிகிரியைத் தாண்டினால், மீன் செத்த ஆறு மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். விழிஞ்ஞத்தில் அந்தச் சூடு சர்வசாதாரணம். நம் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அதுவும் கரையில் அல்ல, படகிலேயே. சிறு படகில் ஐஸ் பெட்டிக்கு இடம் வேண்டும், ஐஸுக்குக் காசு வேண்டும். ஐஸ் வைத்த மீனுக்கு ஏலத்தில் கூடுதல் விலை கிடைக்காவிட்டால், செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? சருவத்தைத் தூக்கும் பெண்ணுக்கோ, ஐஸ் என்பது தலையில் ஏறும் கூடுதல் பாரம்.

லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் கடைசியில் சொல்வது, மீன் எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது என்பதைத்தான். வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு அந்தக் கேள்வியையும் கேட்கலாம்: எப்போது பிடித்தது, எப்போது ஐஸ் வைத்தது?